காயிலுக்கு ஒரு கவசம்: மெட்டல் டிடெக்டர் கவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்த எபிசோடு முழுக்க ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பத்தி. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

புதுசா மெட்டல் டிடெக்டர் வாங்கின நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, கீழே இருக்குற வட்டத் தட்டுக்குத் தனியா ஒரு கவர் விக்கிறாங்க. அது நிஜமாவே தேவையா, இல்ல போன் பேக்-கவர் மாதிரி அழகுக்கா?"

சுருக்கமான பதில்: தேவைதான். ஆனா போன் கவர் வாங்குற மாதிரி வாங்கக்கூடாது. போன் கவர் போனோட வேலையில பெருசா தலையிடாது. காயில் கவர் அப்படி இல்ல. காயிலுக்கும் மண்ணுக்கும் நடுவுல நிக்கிற பொருள் அது. கண்ணுக்குப் போடுற கண்ணாடி மாதிரி, அதுவும் பார்வையில ஒரு பகுதி. இன்னைக்கு நான் சொல்ல வர்றதும் இது ஒண்ணுதான்.

உள்ளே என்ன இருக்கு?

அந்தத் தட்டுக்குள்ள இருக்குறது செம்புக் கம்பிச் சுருள். பெரும்பாலான மாடல்கள்ல ரெண்டு சுருள். ஒண்ணு மின்சாரத்தால மாறிக்கிட்டே இருக்குற காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பும். மண்ணுல உலோகம் இருந்தா அதுக்குள்ள சின்னச் சின்ன சுழல் மின்னோட்டம் உருவாகும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் கேக்குறது ரெண்டாவது சுருள். ரெண்டு சுருளையும் மிகத் துல்லியமா, ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுக்குக் கேக்காத இடத்துல வச்சு, எபாக்ஸி ஊத்தி இறுக்கியிருப்பாங்க. டபுள்-டி காயில்னு சொல்றது, ஆங்கில டி எழுத்து வடிவத்துல ரெண்டு சுருளை லேசா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வச்ச அமைப்பு.

காயிலோட வெளி ஓடு தேய்ஞ்சு ஓட்டை விழுந்தா என்ன ஆகும்? ஈரம் உள்ள போகும். உள்பக்கம் மின் இரைச்சலைத் தடுக்கப் பூசியிருக்குற கிராஃபைட் மாதிரியான பூச்சு கெடும். அப்புறம் புல் உரசினாக்கூட பீப் அடிக்கும். அந்த நிலைக்கு வந்த காயிலைச் சரிபண்றது கஷ்டம், புதுசுதான் வாங்கணும். அதனாலதான் தேய்மானத்தை ஏத்துக்க ஒரு மலிவான மூடி.

எங்க ஊர்ப் பக்கமே உதாரணம் இருக்கு. நான் மாகறல்காரன். காஞ்சிபுரத்துல இருந்து உத்திரமேரூர் போற வழியில, செய்யாற்றங்கரை ஊர். சித்தப்பா நிலத்துல புதைஞ்ச பழைய இரும்புக் குழாய் எந்தப் பக்கமா போகுதுன்னு பாக்க, நண்பர்கிட்ட வாங்கின டிடெக்டரோட நடந்திருக்கேன். ஆத்து மணல்ல பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோல்ல அதோட கடினம் 7. எந்தப் பிளாஸ்டிக்கும் அதுக்கு முன்னாடி நிக்காது. மணல்ல காயிலை ஆட்டுறதும் அதுமேல உப்புத்தாள் தேய்க்கிறதும் ஏறக்குறைய ஒண்ணுதான். அறுவடை முடிஞ்ச வயல்ல வேற தொல்லை: நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்குற காயில்ல நெல் தாள் கட்டை மாட்டிக்கும். அங்க அடிப்பக்கம் முழுசா மூடின கவர் இருந்தா வழுக்கிக்கிட்டுப் போகும்.

முதல் விதி: உலோகம் ஆகாது

கேக்கவே தேவையில்லாத விதி மாதிரி இருக்கும். ஆனா உலோகம் மாறுவேஷத்துல வரும்.

காஞ்சிபுரத்துல தறி வச்சிருக்குற எங்க மாமா, "எதுக்குப்பா காசு குடுத்து வாங்குற, மீந்துபோன பட்டுத் துணியில ஒரு பை தச்சு மாட்டிடலாமே"ன்னார். துணி சரி மாமா, ஜரிகைதான் பிரச்சினை. ஜரிகைங்கிறது பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பியைச் சுத்தி, தங்க முலாம் போட்டது. கண்ணுக்குத் துணி, காயிலுக்கு உலோகம்.

அதே லிஸ்ட்ல வர்றவங்க: அலுமினிய ஃபாயில் டேப், மெட்டாலிக் பெயின்ட், கார்பன் ஃபைபர். கடைசிப் பேர் நிறைய பேரை ஆச்சரியப்படுத்தும். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். டிடெக்டரோட கோல் அதுல இருக்கலாம், ஏன்னா அது காயிலோட முகத்துக்கு முன்னாடி வர்றதில்ல. காயிலுக்கு அடியில மட்டும் வேண்டாம்.

பக்கத்துல இருக்குற உலோகம் எவ்வளவு குழப்பும்னு காட்ட ஒரு பழைய கதை. 1881-ல அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டுட்டாங்க. உடம்புக்குள்ள குண்டு எங்க இருக்குன்னு தேட, டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு உலோகம் காணும் கருவியைச் செஞ்சு கொண்டுவந்தார். குண்டு கிடைக்கல. மெத்தையில இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பினதுதான் ஒரு காரணம்னு சொல்வாங்க. கருவி நல்ல கருவிதான், பக்கத்துல இருந்ததுதான் சரியில்ல.

ரெண்டாவது விதி: தடிமன்

கவர் 3 மில்லிமீட்டர் தடிமன்னா, காயில் மண்ணுல இருந்து 3 மில்லிமீட்டர் மேல போயிடுது. அவ்வளவுதானேன்னு தோணும். ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள காயில், 20 சென்டிமீட்டர் ஆழத்துல ஒரு சின்னப் பொருள். போற புலமும் குறையும், திரும்பி வர்ற புலமும் குறையும், ரெண்டையும் பெருக்கணும். ஒரே ஒரு வளையம்னு எளிமைப்படுத்திக் கணக்குப் போட்டா, 3 மில்லிமீட்டருக்கே சிக்னல் சுமார் 6 சதவீதம் குறையுது. லூசான கவர், அடியில மண், எல்லாம் சேர்ந்து 1 சென்டிமீட்டர் ஆனா, சுமார் 18 சதவீதம் போயிடும்.

ஆக, தடிமனான கவர்தான் வலுவான கவர்னு நினைக்காதீங்க. மெல்லிசா, ஆனா நொறுங்காத பிளாஸ்டிக்கா பாருங்க. எடையையும் பாருங்க. கோலோட நுனியில கூடுற 100 கிராம், ஒரு மணி நேரம் ஆட்டினதும் தோள்பட்டையில தெரியும்.

தொலைஞ்ச மோதிரம் தேடுறவருக்கு இந்த 6 சதவீதம் பெரிய விஷயம் இல்லாம இருக்கலாம். ஆனா அது உயிர்ப் பிரச்சினையா இருக்குற ஒரு இடம், நம்ம மொழி பேசுற ஊர்லயே இருக்கு.

முகமாலை

யாழ்ப்பாணம் போற ஏ-9 சாலையில, ஆனையிறவைத் தாண்டினா வர்ற இடம் முகமாலை. 2000-ல ஆனையிறவு வீழ்ந்த பிறகு, ஏறக்குறைய போர் முடியுற வரைக்கும் ரெண்டு தரப்போட முன்னரங்கும் அங்கதான் இருந்துச்சு. போர் 2009 மே மாசம் முடிஞ்சது. மிதிவெடிகள் மட்டும் மண்ணுக்குள்ளயே இருந்துச்சு. 2002-ல இருந்தே இலங்கையில வேலை செய்யுற ஹேலோ டிரஸ்ட், மேக், அப்புறம் உள்ளூர் அமைப்பான டாஷ் எல்லாம் வடக்குல மிதிவெடி அகற்றுறாங்க. அதுல நிறைய பேர் பெண்கள், வீட்டுக்குச் சம்பாதிக்கிற ஒரே ஆளா இருக்குறவங்களும் உண்டு. 2017 டிசம்பர்ல இலங்கை, மிதிவெடித் தடை உடன்படிக்கையில சேர்ந்துச்சு.

இங்க தேடுற பொருள் ஒரு இரும்புக் குழாய் இல்ல. பல மிதிவெடிகளோட உறை பிளாஸ்டிக். உள்ள இருக்குற உலோகம் ஒரு ஊசி, ஒரு சின்ன ஸ்பிரிங் அளவுதான். அந்தத் துளி உலோகத்தோட சிக்னல்ல இருந்து 6 சதவீதத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டாங்க.

மிதிவெடி அகற்றுறவங்ககிட்ட இருந்து நாம கத்துக்க வேண்டிய பழக்கம் ஒண்ணு இருக்கு. தினமும் வேலை தொடங்குறதுக்கு முன்னாடி, தெரிஞ்ச அளவு உலோகம் உள்ள ஒரு சோதனைத் துண்டை வச்சு டிடெக்டர் சத்தம் குடுக்குதான்னு பாப்பாங்க. அதையும் வயலுக்குள்ள எந்த நிலையில கொண்டுபோகப் போறாங்களோ, அதே நிலையில சோதிக்கணும். கவர் போட்டு வேலை செய்யுறதா இருந்தா, கவர் போட்டுத்தான் சோதனை. நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, டெஸ்ட் என்விரான்மென்ட்டும் ப்ரொடக்‌ஷனும் ஒண்ணா இருக்கணும். கவரைக் கழட்டி வச்சுட்டு எடுத்த ரிசல்ட், கவர் மாட்டின டிடெக்டருக்குச் செல்லாது.

மூணாவது விதி: பொருத்தம்

நிறைய பேர் "11 இன்ச் கவர்"னு தேடி வாங்குறாங்க. மைன்லேப் ஈக்வினாக்ஸ்ல வர்றதும் 11 இன்ச், நோக்டா சிம்ப்ளெக்ஸ்ல வர்றதும் 11 இன்ச். ஆனா வார்ப்பு வேற வேற. ஒண்ணோட கவர் இன்னொண்ணுக்குச் சேராது. மாடல் பேரையும் காயில் பேரையும் பாத்து வாங்குங்க.

லூசா இருந்தா என்ன ஆகும்? கவருக்கும் காயிலுக்கும் நடுவுல மண் போகும். அந்த மண் அசையாம இருந்தாக்கூட டிடெக்டர் ஓரளவு சமாளிச்சுடும், ஏன்னா பெரும்பாலான டிடெக்டர்கள் மாற்றத்தைத்தான் கவனிக்கும். ஆனா ஒவ்வொரு வீச்சுலயும் அந்த மண் உள்ளயே இடம் மாறும். மண்ணுல இரும்புத்தாது இருந்தா அதுவே பொய்ச் சத்தம் குடுக்கும். கடற்கரையில கருமணல் பாத்திருப்பீங்க. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில இல்மனைட்டுக்காக அரசு நிறுவனமே அந்த மணலைப் பிரிச்சு எடுக்குது. அந்த மாதிரி மணல் கவருக்குள்ள புகுந்தா தலைவலிதான். உப்புத்தண்ணியும் அப்படித்தான், அது மின்சாரத்தைக் கடத்தும்.

அதனால ஒரு பழக்கம் வச்சுக்கோங்க. தேடி முடிச்சதும் கவரைக் கழட்டுங்க, நல்ல தண்ணியில ரெண்டையும் கழுவுங்க, காய வச்சு மறுபடி மாட்டுங்க. கவர் இருக்கேன்னு வாட்டர்ப்ரூஃப் இல்லாத காயிலைத் தண்ணியில முக்காதீங்க. கவர் உரசலுக்குத்தான் காவல், தண்ணிக்கு இல்ல. விளிம்புல இடைவெளி தெரிஞ்சா எலக்ட்ரீஷியன் யூஸ் பண்ற பிவிசி இன்சுலேஷன் டேப்பை ஒரு சுத்து ஓட்டிடலாம். அது போதும்.

வீட்டுலயே பிரின்ட் பண்ணலாமா?

தாராளமா. கிடைக்காத பழைய மாடலுக்கு இதுதான் நல்ல வழி. மெட்டீரியல்ல மட்டும் கவனம். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலயே இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயில்ல பூட்டின காருக்குள்ள விட்டா, திரும்பி வரும்போது கவர் அப்பளம் மாதிரி வளைஞ்சிருக்கும். பெட்-ஜி சுமார் 80 டிகிரி வரைக்கும் தாங்கும், ஏபிஎஸ் அதுக்கும் மேல. கார்பன் ஃபைபர் கலந்த ஃபிலமென்ட், உலோகத்தூள் கலந்த ஃபிலமென்ட் ரெண்டும் வேண்டாம். காரணம் முதல் விதியிலேயே சொல்லிட்டேன்.

எந்தக் கவரா இருந்தாலும் கடைசியில ஒரே பரீட்சைதான். ஒரு 1 ரூபாய் நாணயத்தைத் தெரிஞ்ச ஆழத்துல புதைங்க. கவர் இல்லாம ஒரு தடவை, கவரோட ஒரு தடவை, காயிலை ஒரே உயரத்துல வீசுங்க. அப்புறம் நாணயமே இல்லாத இடத்துல, கவரை விரலால தட்டிப் பாருங்க. சத்தம் வரக்கூடாது. மூணு சோதனையும் பாஸ்னா அது நல்ல கவர்.

தோண்டுறதுக்கு முன்னாடி

மாகறல் கோயில் தலபுராணத்துல ஒரு கதை வரும். தங்க உடும்பு ஒண்ணு ஓடி ஒரு புத்துக்குள்ள ஒளிஞ்சுது. ராஜாவோட ஆட்கள் அதைப் பிடிக்கப் புத்தைத் தோண்ட, உள்ள இருந்து ரத்தம் வந்துச்சாம். அங்க இருந்தது சிவலிங்கம். சம்பந்தர் பாடின தலம் அது. எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. பளபளன்னு தெரிஞ்சதும் தோண்டாதேங்கிறதை அதுக்கு மேல யாரும் அழகா சொல்ல முடியாது.

சட்டமும் அதையேதான் சொல்லுது. 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, மண்ணுல மறைஞ்சு கிடந்து கிடைச்ச பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினா கலெக்டருக்கு எழுத்து மூலமா தெரிவிக்கணும். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் மாதிரி தொல்லியல் துறை பாதுகாக்குற இடங்கள்ல அனுமதி இல்லாம தோண்டக்கூடாது. சொந்த நிலத்துல குழாய் தேடுங்க, வயல்ல தொலைச்ச மோதிரம் தேடுங்க. கோயில் பக்கம், பழைய மேட்டுப் பக்கம் டிடெக்டரைத் தூக்கிட்டுப் போகாதீங்க. ஒரு காசைத் தோண்டி எடுத்துட்டா, அது எந்த அடுக்குல, எதோட பக்கத்துல கிடந்துச்சுங்கிற தகவல் போயிடும். ஆய்வாளர்களுக்குக் காசை விட அதுதான் முக்கியம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: உன் காயிலோட பேரைப் பாத்து, அதுக்குன்னே செஞ்ச மெல்லிசான ஏபிஎஸ் கவரை வாங்கு. மாட்டிட்டு நாணயத்தைப் புதைச்சு சோதிச்சுட்டு, ரிசல்ட் என்னன்னு எனக்கு எழுது. அடுத்த எபிசோடுல பாப்போம் மக்களே.