ஸ்பெயினுக்குப் படிக்கப் போறீங்களா? முதல் 30 நாளில் எதை முதலில் முடிக்கணும்?

சங்கரன்கோவிலில் இருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பினால், அம்மா பெட்டியில் வைக்கும் பொருட்களில் இரண்டை ஊகித்துவிடலாம். ஒன்று, சங்கரநாராயணர் கோயில் புற்று மண். இன்னொன்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. போகிற நாடு ஸ்பெயின் என்றால் இரண்டையுமே வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகணும்.

ஸ்பெயின் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சிப் பொருட்களையும் கொண்டுவரக் கூடாது. நெய்யும் இதில் அடங்கும். பயிர் நோய் பரவும் என்பதால் வெளிநாட்டு மண்ணுக்கும் தடை. புதுக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேணும். பொடி வகைகள், பருப்பு, ஊறுகாய், திருநீறு எல்லாம் பிரச்சினை இல்லை. கருவாட்டுக்குக்கூட அனுமதி உண்டு. பக்கத்து அறைக்காரர் அனுமதிப்பாரா என்பது வேறு விஷயம்.

பால்கோவா பறிபோனால் மனக்கஷ்டத்தோடு முடிந்துவிடும். முதல் ஒரு மாதத்தில் செய்யும் வேறு சில தவறுகள் அப்படி முடியாது.

எவ்வளவு பணம் இதில் இருக்கு?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம். மகளுக்கு வலென்சியாவில் உள்ள பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

செலவுக்குப் பணம் இருப்பதை விசா விண்ணப்பத்திலேயே காட்டணும். ஸ்பெயின் அரசு இதற்கு 'இப்ரெம்' என்ற குறியீட்டு எண்ணை வைத்திருக்கிறது. 2023-ல் இருந்து அது மாதம் 600 யூரோ. 12 மாதத்துக்கு 7,200 யூரோ. ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 7.2 லட்சம் ரூபாய். கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் இதற்கு மேல். வங்கிக் கடன், நகை அடகு, சொந்தக்காரர்களிடம் கைமாற்று என்று திரட்டிய பணம் இது.

அந்தப் பெண் மத்ரீத் பராஹாஸ் விமான நிலையத்தில் இறங்கும் நிமிடத்தில் இருந்து ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கணும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்கும் எல்லோருக்கும் இது கட்டாயம். அந்த அட்டையின் பெயர் 'தியே'.

அட்டைக்குப் பல இடங்களில் முகவரிப் பதிவு கேட்பாங்க. முகவரிப் பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் வேணும். ஒப்பந்தத்துக்கு வீடு வேணும். ஆக, எல்லாம் தொடங்குவது அறை பிடிப்பதில்தான்.

முதல் நாள்: கைப்பையில் என்ன இருக்கணும்?

சென்னையில் இருந்து ஸ்பெயினுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை ஸ்பெயினில் நடக்கும். பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் ஷெங்கன் எல்லை அங்கேயே வந்துவிடும், சோதனையும் அங்கேயே முடிந்துவிடும். ஸ்பெயினுக்குள் எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று பிறகு கேட்டால் காட்ட ஒரு ஆதாரம் வேணும். அதனால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள், தங்கும் இடத்தின் முகவரி, பணம் இருப்பதற்கான சான்று ஆகிய நான்கும் கைப்பையில் இருக்கணும். சரக்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டால், குடிவரவு அதிகாரி கேட்கும்போது கையில் எதுவும் இருக்காது.

அப்பா பெயரில் கூப்பிடுவாங்க!

நம்ம ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். அதோடு சரி. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்: முதலாவது பெரும்பாலும் அப்பா வழி, அடுத்தது அம்மா வழி. அதனால் எந்தப் படிவத்தை எடுத்தாலும் மூன்று கட்டம் இருக்கும்: முதல் குடும்பப் பெயர், இரண்டாம் குடும்பப் பெயர், பெயர்.

பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடத்தில் அப்பா பெயர் இருந்தால் அதுதான் முதல் கட்டத்துக்குப் போகும். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அப்பா பெயர் ஒலித்தால் ஆச்சரியப்படாதீங்க, உங்களைத்தான் கூப்பிடுறாங்க. இரண்டாவது கட்டம் காலியாகவே இருக்கட்டும். அழகுக்காக ஊர்ப் பெயரையோ தாத்தா பெயரையோ அதில் நிரப்பக் கூடாது.

ஒரே விதிதான்: பாஸ்போர்ட்டில் எப்படியோ, எல்லா இடத்திலும் அப்படியே. பல்கலைக்கழகத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, அட்டையில் ஒரு மாதிரி என்று ஆகிவிட்டால் ஒவ்வொன்றையும் திருத்த வரிசையில் நிற்கணும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும் இருந்தால், அதை விரித்து எழுதும் வேலையை விசாவுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது.

முதல் வாரம்: அறை பிடிப்பதில் என்ன சிக்கல்?

நகராட்சி அலுவலகத்தில் 'நான் இந்த முகவரியில் குடியிருக்கிறேன்' என்று பதிவு செய்வதற்குப் பெயர் 'எம்பத்ரோனாமியென்தோ'. பேச்சில் 'பத்ரோன்'. நம்ம ஊர் ரேஷன் கார்டு முகவரி போல, எதற்குப் போனாலும் இதைக் கேட்பார்கள். ஸ்பெயினில் வசிக்கும் எல்லோரும் தாங்கள் இருக்கும் ஊரின் நகராட்சியில் பதிவு செய்யணும் என்பது சட்டம்.

சிக்கல் எங்கே என்றால், அறையை வாடகைக்கு விடும் சிலர், "தங்கிக்கோங்க, ஆனா இந்த முகவரியில் பதிவு பண்ணக் கூடாது" என்பார்கள். வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும் என்ற பயம் சிலருக்கு. வேறு சிலர் தாங்களே வாடகைக்கு இருந்துகொண்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் ஓர் அறையை மட்டும் விடுவார்கள். வாடகை 50 யூரோ குறைவு என்று அந்த அறையை எடுத்தால், நகராட்சிக் கவுண்டரில் மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

அதனால் விளம்பரத்தைப் பார்த்ததும் வாடகைக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி: "இங்கே எம்பத்ரோனாமியென்தோ செய்யலாமா?" பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கணும். உங்கள் பெயரில் முறையான வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதை வைத்தே பதிவு செய்யலாம். உள்வாடகை என்றால், அந்த வீட்டில் பதிவுள்ளவரின் சம்மதக் கையெழுத்து தேவைப்படும்.

அடுத்த கேள்வி, சங்கரன்கோவிலில் இருந்துகொண்டே அட்வான்ஸ் அனுப்பலாமா? வேண்டாம். அழகான படங்கள், அடிமாட்டு வாடகை, "நான் இப்போ வெளிநாட்டில் இருக்கேன், பணம் போட்டால் சாவியை கூரியரில் அனுப்புறேன்" என்ற பதில். இது மூன்றும் சேர்ந்து வந்தால் மோசடி என்று எடுத்துக்கோங்க. முதல் இரண்டு வாரத்துக்குப் பல்கலைக்கழக விடுதியிலோ மாணவர் தங்கும் விடுதியிலோ இடம் பிடித்துவிட்டு, அறையை நேரில் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு பணம் கொடுப்பதுதான் பாதுகாப்பு. பொதுவாக முதல் மாத வாடகையோடு இன்னொரு மாத வாடகையை முன்வைப்பாகக் கேட்பார்கள். அந்தத் தொகைக்கு ரசீது வாங்கணும்.

30 நாளுக்குள் அட்டை: எப்படி?

முதலில் 'சீத்தா ப்ரேவியா', அதாவது இணையத்தில் முன்பதிவு. அது இல்லாமல் காவல் துறையின் வெளிநாட்டவர் பிரிவுக்குப் போனால் பெரும்பாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பார்சலோனா, மத்ரீத் போன்ற நகரங்களில் இந்த முன்பதிவு கிடைப்பதே பெரிய போராட்டம்.

இந்த முன்பதிவு முழுக்க இலவசம். ஆனால் இதைக் காசுக்கு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கும்பல்களை ஸ்பெயின் போலீஸ் பலமுறை கைது செய்திருக்கிறது. இடைத்தரகரிடம் பாஸ்போர்ட் நகலையும் பணத்தையும் கொடுப்பதற்கு முன்னால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவைக் கேளுங்க. பல இடங்களில் அவர்களே வழிகாட்டுவார்கள். 'இடம் இல்லை' என்று திரையில் வந்தால், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கணும். கெடுவுக்குள் முயற்சி செய்தோம் என்று காட்ட அது உதவும்.

கொண்டுபோக வேண்டியவை: 'இஎக்ஸ்-17' என்ற படிவம், பாஸ்போர்ட், விசாப் பக்கம் உட்பட அதன் நகல், '790-012' என்ற கட்டணச் சீட்டை வங்கியில் கட்டிய ரசீது, முகவரிப் பதிவுச் சான்று, புகைப்படம். படத்தின் அளவு 32-க்கு 26 மில்லிமீட்டர். இங்கே எடுக்கும் பாஸ்போர்ட் சைஸ் அங்கே பொருந்தாது. படிவத்தில் அப்பா, அம்மா பெயருக்கும் இடம் உண்டு. அங்கே கைரேகை எடுப்பார்கள். அட்டை கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமா வச்சிருக்கணும்.

எக்ஸ், ஒய், இஸட் ஆகியவற்றில் ஓர் எழுத்தில் தொடங்கும் 'என்ஐஇ' என்ற எண், வெளிநாட்டவருக்கான அடையாள எண். அட்டை காலாவதியாகும், எண் மாறாது.

நடுவில் ஊருக்கு அவசரமா வரணும்னா?

யாரும் யோசிக்க விரும்பாத கேள்வி இது. வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியலை, உடனே கிளம்பணும். விசா இன்னும் செல்லுபடியாகிறது என்றால் போய்வரலாம். விசா முடிந்து, அட்டை இன்னும் கைக்கு வராத இடைவெளியில் அப்படியே கிளம்பினால், திரும்பி உள்ளே விடாமல் போகலாம். 'அவுதோரிஸாசியோன் தே ரெக்ரேசோ' என்ற திரும்பும் அனுமதியை வாங்கிவிட்டுத்தான் கிளம்பணும். அதிகபட்சம் 90 நாளுக்கு அது செல்லும். ஆனால் அட்டைக்கு விண்ணப்பித்த ரசீது இருந்தால்தான் அந்த அனுமதியையே கேட்க முடியும். முதல் மாதத்தில் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

ஸ்பானிஷ் படிச்சேன், இது என்ன மொழி?

பார்சலோனாவில் இறங்குபவர்களுக்கு வரும் முதல் அதிர்ச்சி இது. 1978 அரசியலமைப்பின்படி ஸ்பானிஷ் நாடு முழுவதுக்கும் ஆட்சி மொழி. அதோடு தன்னாட்சி மாநிலங்கள் தங்கள் மொழியையும் ஆட்சி மொழியாக வைத்துக்கொள்ளலாம். கத்தலோனியாவில் கத்தலான், வலென்சியாவில் வலென்சியானோ, கலீசியாவில் கலீசியன், பாஸ்க் பகுதியில் பாஸ்க். ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் 1975 வரை பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் ஒதுக்கி வைக்கப்பட்ட மொழிகள் இவை. மொழிக்காகப் போராடிய வரலாறுள்ள தமிழ்நாட்டு மாணவருக்கு இந்த உணர்வைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பரீட்சை என்று வந்தால் உணர்வு மட்டும் போதாது. கத்தலோனியாவிலும் வலென்சியாவிலும் ஒரே பாடத்துக்கு ஒரு பிரிவு ஸ்பானிஷிலும் இன்னொரு பிரிவு உள்ளூர் மொழியிலும் நடக்கலாம். வகுப்பில் சேரும் முன்பே, உங்கள் பாடப்பிரிவு எந்த மொழியில் நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளணும். முதல் வாரத்தில் பிரிவு மாறுவது எளிது. இரண்டாவது மாதத்தில் கஷ்டம்.

வயிறும் கடிகாரமும்

மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல், இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். பல ஊர்களில் சின்னக் கடைகள் மதியத்தில் மூடிக் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சனிக்கிழமை தரையிறங்குபவர்கள் அன்றே பாலும் ரொட்டியும் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். மத்ரீத்தின் லவாபியேஸ், பார்சலோனாவின் ராவல் பகுதிகளில் தெற்காசியக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, மசாலா கிடைக்கும்.

செப்டம்பரில் ஸ்பெயின் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், இடைவெளி நாலரை மணி ஆகிவிடும். பிள்ளை அங்கே 9 மணிக்குச் சாப்பிட உட்காரும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். "சாப்ட்டியாட்டி?" என்று கேட்க அம்மா அதுவரை விழித்திருக்க வேண்டாம். வகுப்பு முடிந்து நடந்து போகும் மாலை நேரத்தை அழைப்புக்கு ஒதுக்கினால் இரண்டு பேருக்கும் தூக்கம் மிச்சம்.

வேலை பார்த்துச் சமாளிக்கலாமா?

உயர்கல்வி மாணவர்கள், படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல், வாரம் 30 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். 2025 மே 20-ல் நடைமுறைக்கு வந்த குடியேற்ற விதிமுறையும் இதை அனுமதிக்கிறது. ஆனால் ஸ்பானிஷ் பேசத் தெரியாதவருக்கு முதல் மாதத்தில் வேலை கிடைப்பது அபூர்வம். சமூகப் பாதுகாப்பு எண், வங்கிக் கணக்கு என்று அதற்கும் தாள் வேலை உண்டு. முதல் மூன்று மாத வாடகையையும் சாப்பாட்டையும் சம்பளத்தை நம்பாமல் கணக்கு போட்டுக்கொண்டு போகணும்.

ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவது?

எந்த அவசரத்துக்கும் 112. மத்ரீத்தில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவர்கள் தங்கள் விவரத்தைப் பதிந்து வைக்கலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. இந்த விவரங்களைப் பிள்ளையின் போனில் மட்டும் வைக்காமல், வீட்டில் காலண்டர் பின்னாலும் எழுதி ஒட்டி வைங்க. கூடவே பாஸ்போர்ட், விசா, காப்பீடு, சேர்க்கைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் ஐந்துக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

அறை, பதிவு, அட்டை. இந்த வரிசை தப்பாமல் முதல் மாதத்தைக் கடந்துவிட்டால், அதன் பிறகு வரும் கஷ்டங்கள் எல்லா மாணவர்களுக்கும் வருவதுதான்: புரியாத பாடம், வேகாத சாதம், ஆடித்தபசு சமயத்தில் ஊர் ஞாபகம்.