படம் வருது, சத்தம் வரலையா? கேபிளைக் கொஞ்சம் பாருங்கள்



கேட்டல் பாடத்துக்குக் காணொளியை ஓட விடுகிறீர்கள். திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. சத்தம் மட்டும் மடிக்கணினிக்குள்ளேயே முனகுகிறது. "டீச்சர், கேட்கல!" என்று கடைசி வரிசையிலிருந்து குரல். ஒலியைக் கூட்டி, கணினியை அணைத்துப் போட்டு, பாட நேரத்தில் பத்து நிமிடம் போயே போச்சு. கணினி கெட்டுவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். எந்தக் கேபிள் மாட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலும் நீல நிறச் செருகி, மூன்று வரிசையில் 15 ஊசிகள், இரு பக்கமும் திருகு இருந்தால் அது வி.ஜி.ஏ. ஐ.பி.எம். 1987இல் கொண்டுவந்தது. பழைய புரொஜெக்டர்களில் இன்னும் இதுதான் இருக்கும். இதில் படம் மட்டுமே போகும். ஒலிக்கு வழியே இல்லை. கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தனியாக ஒரு 3.5 மி.மீ. கேபிள் போட வேண்டும்.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். ஆனால் இங்கேதான் பலர் குழம்புகிறோம். அதை மாட்டியவுடன் கணினி ஒலியைப் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடலாம். அப்போது ஹெட்போன் துளையில் மாட்டிய ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். விண்டோஸ் கணினி என்றால், திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஒலிக்குறியைச் சொடுக்கி, ஒலி எங்கே போக வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்.

புது மடிக்கணினி, பழைய புரொஜெக்டர் என்றால் அடாப்டர் தேவை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றுவது ஒருவழிப் பாதை. திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. பக்கவாட்டில் ஒலிக்கென 3.5 மி.மீ. துளை உள்ளதாக வாங்குங்கள்.

யூ.எஸ்.பி.-சி துளையின் வடிவத்தை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாத் துளைகளும் படம் அனுப்பா. கைப்பேசியோடு வரும் சார்ஜ் கேபிள்களும் பெரும்பாலும் படத்தைக் கடத்தாது. மடிக்கணினியின் விவரக்குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட்' அல்லது 'தண்டர்போல்ட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

பழைய டி.வி.டி. கருவியின் மூவண்ணக் கேபிள் எளிது: மஞ்சள் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்க ஒலிக்கு.

வாய்மொழிப் பயிற்சியைப் பதிவு செய்கிறவர்களுக்கு இன்னொன்று. மாணவரின் ஹெட்செட் செருகியில் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு என்றால் கேட்க மட்டும். மூன்று என்றால் மைக்கும் உண்டு. ஆனால் மேசைக் கணினியில் பச்சைத் துளை ஒலிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு என்று தனித்தனியாக இருந்தால், மூன்று வளையச் செருகியைப் பச்சையில் மாட்டும்போது மாணவருக்குக் கேட்கும், அவர் பேசியது பதிவாகாது. பிள்ளை நன்றாகத்தான் பேசியிருக்கும். கோப்பில் ஒன்றுமே இருக்காது! ஒலியையும் மைக்கையும் இரண்டாகப் பிரிக்கும் கிளைக் கேபிள் கடையில் கிடைக்கும். ஹெட்செட்டைக் கையோடு கொண்டுபோய், மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.