மீன்பாடும் பாட்டு முறையும்

“மீன்பாடு எப்படி?” கரையேறும் படகைப் பார்த்துக் கடற்கரை ஊர்களில் கேட்கும் முதல் கேள்வி இது. ‘நல்ல மீன்பாடு’ என்று பதில் வந்தால் வலை நிறைந்திருக்கிறது என்று பொருள். பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காட்டின் ஏரிக்கரைக் குப்பங்களில் ‘பாடு’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. வலை கட்டும் இடமும், அங்கே இறங்குவதற்கு ஒருவருக்கு வரும் முறையும் அந்தச் சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டுமே தமிழ்நாட்டுக்கு உரியது. ஆரணி ஆறு மழைநீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்கும். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்புகின்றன. அந்த வழியில் வலை கட்டுபவருக்கு நல்ல அறுவடை. ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்கு எப்போதும் போட்டிதான்.

அந்தப் போட்டி கைகலப்பாக முற்றாமலிருக்கப் பெரியவர்கள் கண்ட வழி பாட்டு முறை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. மணமான ஆண் ஊர்க் கணக்கில் ஒரு ‘தலைக்கட்டு’. இந்தத் தலைக்கட்டுகளில் யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் சுத்து வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். அதன் பிறகு முறை சுழன்றுகொண்டே இருக்கும். நல்ல இடம் ஒரே ஆளிடம் தங்குவதில்லை. மோசமான இடமும் அப்படியே. ஏரி எவ்வளவு கொடுக்கும் என்பது யார் கையிலும் இல்லை. கொடுப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதை மட்டும் ஊர் தன் கையில் வைத்துக்கொண்டது. உலக அளவில் பொதுவள ஆய்வாளர்கள் இந்த முறையைத் தேடி வந்து படித்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்தச் சுழற்சிக்குள் எல்லோரும் இல்லை. ஏரியை நம்பி வாழும் தலித் மக்களும் இருளர்களும் பரம்பரைப் பாட்டு உரிமைக்கு வெளியே நிற்கிறார்கள். இருளர் பெண்கள் சேற்றுநீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். வலையில்லாத இந்த உழைப்புக்கு எந்தச் சீட்டிலும் இடமில்லை என்பது வருத்தத்துக்குரியது.

மிகுதியைக் குறிக்கும் இன்னொரு சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். அதிலிருந்து பிறந்த ‘மலிவு’ இன்று குறைந்த விலையைத்தான் குறிக்கிறது. சந்தையில் இந்த இரு பொருளும் ஒரே காலையில் சந்திக்கின்றன. இறால் ஏராளமாக வந்த அன்றே விலை இறங்கிவிடும். பனிக்கட்டிக்கும் கடனுக்கும் பதில் சொல்ல வேண்டியவர், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறார்.

கோடையில் வேறொரு கவலை. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபடும். கடல்நீர் வரத்து நின்று, வெயிலில் ஏரியின் உப்பு ஏறும். இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியிருக்காது. மீனவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி மணலை வெட்டித் திறந்த ஆண்டுகள் உண்டு. முகத்துவாரம் நிலையாகத் திறந்திருக்கத் தடுப்புச் சுவர் வேண்டும் என்பது இவர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது. குலுக்கலில் நல்ல பாடே விழுந்தாலும், முகத்துவாரம் மூடிக்கிடந்தால் அந்த முறைநாள் வீண்தான்.