திரும்பத் திரும்ப வரும் சீழ்க்கட்டிகள்: மருந்தை மாற்றினால் மட்டும் போதுமா? பரிசோதனை, சிகிச்சை முறைகள் என்னென்ன?

புது டெல்லி: அக்குளிலோ தொடையிலோ ஒரு கட்டி எழுகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் சில நாள்களில் அமுங்குகிறது. அடுத்த மாதம் அதன் அருகிலேயே மற்றொன்று எழ, முன்னதைவிட 'பவர்' கூடிய மாத்திரை வாங்கப்படுகிறது. பாக்டீரியாவால் உண்டாகும் தோல் தொற்று நீடிப்பதற்கு மருந்தின் வலிமைக் குறைவே காரணம் என்ற எண்ணம் நாடெங்கும் பரவலாக உள்ளது.

உண்மையில் காரணங்கள் பல. சீழ் முழுமையாக வெளியேறாமல் இருக்கலாம். கிருமி மூக்கிலோ வீட்டாரிடமோ தங்கியிருக்கலாம். நீரிழிவு போன்ற வேறொரு நோய் தொற்றுக்கு வழிவகுத்திருக்கலாம். அது சாதாரணத் தொற்றாகவே இல்லாமலும் போகலாம். இவற்றுள் எது என்று கண்டறிவதே சிகிச்சையின் முதற்படி.

*கிருமி எங்கே தங்குகிறது?*

சீழ்க்கட்டிகளுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்கினுள் இது எவ்விதத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலும் தங்கும். சவரக் கத்தியின் கீறல், சொறிந்த புண், சேற்றுப்புண் வெடிப்பு என ஏதேனும் ஒரு வழி கிடைத்தால் தோலுக்குள் நுழைந்து கட்டியை உண்டாக்கும். கட்டி ஆறினாலும் மூக்கிலுள்ள கிருமி அப்படியே இருப்பதால், அடுத்த கட்டிக்கான வித்து உடலிலேயே எஞ்சி நிற்கிறது.

*கட்டிக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல*

சீழ் கோத்த கட்டிக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால், விழுங்கும் மருந்து அங்குப் போதிய அளவில் சென்று சேர்வதில்லை. எனவே மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதே முதன்மைச் சிகிச்சை. சிறிய கட்டிகளுக்குப் பல வேளைகளில் இதுவே போதுமானது. காய்ச்சல், கட்டியைச் சுற்றிப் பரவும் சிவப்பு, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை இருக்கும்போது நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் சேர்க்கப்படும்.

வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கட்டியைப் பிதுக்குவதும், ஊசியால் குத்துவதும், சுண்ணாம்பு தடவுவதும் தொற்றை ஆழத்துக்குக் கொண்டு செல்லும். மூக்கு, மேலுதடு பகுதியில் வரும் கட்டியைப் பிதுக்குவது மிகுந்த ஆபத்தானது. அங்குள்ள இரத்த நாளங்கள் மூளைப்பகுதியின் நாளங்களோடு தொடர்புடையவை.

*சீழ்ப் பரிசோதனை ஏன் அவசியம்?*

கட்டி இரண்டாம் முறை வந்தாலே சீழை ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. 'கல்ச்சர்' எனப்படும் இந்தப் பரிசோதனையில் கிருமி வளர்க்கப்பட்டு, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று பார்க்கப்படுகிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள்களில் முடிவு தெரியும். புதிய மாத்திரையைத் தொடங்கும் முன்பே, மேற்பரப்பைத் துடைத்து எடுக்காமல், உள்ளிருக்கும் சீழிலிருந்து மாதிரி எடுக்கப்பட வேண்டும். இல்லையேல் முடிவு தவறான வழியைக் காட்டக்கூடும்.

இந்தியச் சூழலில் இந்தப் பரிசோதனைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. 1959-ஆம் ஆண்டு மெதிசிலின் என்ற மருந்து அறிமுகமானது. அதற்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் 1961-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் கண்டறியப்பட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ எனப்படும் அவ்வகைக் கிருமி இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையமைப்பு அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகளில், பரிசோதிக்கப்பட்ட ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரிகளில் ஏறத்தாழ 10-இல் 4 இவ்வகையைச் சேர்ந்தவை. இவை பெரிய மருத்துவமனைகளின் மாதிரிகள் என்பதால், பொதுமக்களிடையே உள்ள நிலையை அப்படியே காட்டுவதாகக் கொள்ள இயலாது. ஆயினும், வழக்கமாகத் தரப்படும் பெனிசிலின், செஃபாலெக்சின் வகை மருந்துகள் இக்கிருமியிடம் பலிப்பதில்லை என்பதால், ஊகத்தில் மருந்து உண்பது வீணாகும் வாய்ப்பு அதிகம்.

*மூக்கு, துண்டு, வீட்டார்*

திரும்பத் திரும்பக் கட்டி வருவோருக்கு, அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஓர் ஐந்து நாள் முறையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. நாள்தோறும் இருமுறை மூக்கினுள் முபிரோசின் களிம்பு தடவுதல், நாள்தோறும் குளோர்ஹெக்சிடின் கரைசலால் உடல் கழுவுதல், துண்டு, படுக்கை விரிப்பு, உடைகளை நாள்தோறும் துவைத்தல் ஆகியவை அதில் அடங்கும்.

நோயாளி மட்டும் இதைச் செய்தால் போதுமா? 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு விடை தேடியது. ஓராண்டில் மீண்டும் தொற்று ஏற்பட்டோர், தாம் மட்டும் இச்சிகிச்சை பெற்ற குழுவில் 72 சதவீதம். வீட்டார் அனைவரும் சேர்ந்து பெற்ற குழுவில் 52 சதவீதம். ஒரே துண்டை நால்வர் பயன்படுத்தும் வீடுகளில் கட்டி ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதை இது உணர்த்துகிறது. அதே வேளையில், வீட்டார் அனைவரும் செய்தும் பாதிப் பேருக்குத் தொற்று திரும்பியது. முபிரோசினை மனம்போல் பயன்படுத்தினால் அதற்கும் கிருமி பழகிவிடும் என்பதால், மருத்துவர் பரிந்துரையின்றி இம்முறையைத் தொடங்கக் கூடாது.

*காலில் மீண்டும் வரும் வீக்கம்*

சீழ் இன்றி, கால் சிவந்து, சுடுபட்டு, வீங்கி, காய்ச்சலோடு வருவது செல்லுலைட்டிஸ். விரலிடைச் சேற்றுப்புண்ணும், யானைக்கால் நோய் போன்றவற்றால் ஏற்படும் நிணநீர்த் தேக்கமும் இது திரும்பி வர முக்கியக் காரணங்கள். பிரிட்டன், அயர்லாந்தில் 274 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு பெனிசிலினை ஓராண்டு உட்கொண்டோரில் 22 சதவீதத்தினருக்கும், உட்கொள்ளாதோரில் 37 சதவீதத்தினருக்கும் தொற்று திரும்பியது. மருந்தை நிறுத்திய பின் அந்தப் பாதுகாப்பு நீடிக்கவில்லை. நாள்பட்ட கால் வீக்கம் உள்ளோரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், அழுத்தக் காலுறை முதலிய கட்டுகளை அணிந்தோரில் 15 சதவீதத்தினருக்கும், அணியாதோரில் 40 சதவீதத்தினருக்கும் தொற்று மீண்டும் வந்தது. வீக்கத்தைக் குறைப்பதே தொற்றைத் தடுக்கும் வழி என்பதற்கு இது சான்று.

*தொற்றுபோல் தோன்றும் பிற நோய்கள்*

அக்குள், தொடையிடுக்கில் மட்டும் ஆண்டுக்கணக்கில் கட்டிகள் எழுந்து, குழாய்போல் துளைத்துத் தழும்பாகின்றனவா? அது ஹைட்ராடினைடிஸ் சப்புரேட்டிவா என்ற அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை முறை வேறு.

வாரக்கணக்கில் ஆறாத புண் அல்லது மெல்லப் பரவும் தடிப்பு இருந்தால், தோல் காசநோயை எண்ணிப் பார்க்க வேண்டும். சிறு தோல் துண்டை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி இதற்குத் தேவை. உணர்ச்சியற்ற, வெளிறிய படை தொழுநோயின் அறிகுறி. இவையும் பாக்டீரியா நோய்களே. ஆனால் ஐந்து நாள் மாத்திரைக்கு அடங்காமல், மாதக்கணக்கில் கூட்டு மருந்து தேவைப்படுபவை. இரண்டுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கிறது.

தொற்று திரும்பும் ஒவ்வொருவருக்கும் இரத்தச் சர்க்கரை பார்க்கப்பட வேண்டும். இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. தமக்கு அந்நோய் இருப்பதைப் பலர் அறியாமலே உள்ளனர். ஆறாத கட்டியே முதல் எச்சரிக்கையாக அமைவதுண்டு.

*மருந்துக்கடைக் களிம்புகள்*

ஸ்டெராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து ஆகிய மூன்றும் கலந்த களிம்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஸ்டெராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே தணிப்பதால் நோய் குணமானதுபோல் தோன்றும். உள்ளே தொற்று பரவிக்கொண்டிருக்கும். 2018-இல் பல ஸ்டெராய்டு களிம்புகளை மத்திய அரசு மருந்துச் சீட்டு கட்டாயமான 'ஹெச்' அட்டவணையில் சேர்த்தது. அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு உள்ள மருந்துகளைச் சீட்டின்றி வாங்கக் கூடாது என்ற விழிப்புணர்வு இயக்கம் 2016-இல் தொடங்கப்பட்டது.

*தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்*

சிவப்பு மணிக்கு மணி பரவுதல், கண்ணால் காணும் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் கருத்தல், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், மனக்குழப்பம், கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்கள் மருத்துவரிடம் செல்லும்போது, இதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகள், தடவிய களிம்புகள், பழைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்வது நல்லது. எந்தெந்த மாதம், எந்த இடத்தில் கட்டி வந்தது, வீட்டில் வேறு யாருக்கேனும் வந்ததா என்ற விவரங்களையும் குறித்துக்கொள்ளலாம். அடுத்த மாத்திரை எது என்று கேட்பதற்கு முன், "சீழைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.