புதுப் பெயிண்ட் அடித்த பழைய டிரெய்லர்

கடத்தூரில் இருக்கும் என் சித்தப்பா போன மாசம் கூப்பிட்டார். "ஏம்பா, மரவள்ளி புடுங்கறதுக்குள்ள ஒரு பழைய டிரெய்லர் வாங்கணும். நீதான் கண்டதையும் படிக்கிற ஆளாச்சே, எதை எதைப் பார்த்து வாங்கணும்னு சொல்லேன்." டிராக்டர் அவரிடம் இருக்கிறது. பின்னால் கட்டும் பெட்டிதான் இல்லை. ஒவ்வொரு நடைக்கும் வாடகை கொடுத்து அலுத்துவிட்டார்.

எனக்கு டிரெய்லரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அமெரிக்காவில் ஐம்பது அறுபது வருஷப் பழைய கேம்பிங் டிரெய்லர்களை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று முன்பு ஒருமுறை ஆர்வத்தில் படித்திருந்தேன். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வீடு அது. வெளியே அலுமினியத் தகடு பளபளன்னு இருக்கும், உள்ளே மரச்சட்டம் மழைத்தண்ணி இறங்கி உளுத்துக் கிடக்கும். அதனால் அவர்கள் அழகைப் பார்ப்பதில்லை. ஜன்னல் மூலையையும் கூரை இணைப்பையும் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். மெத்தென்று உள்ளே போனால் விலையைக் குறை, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. தண்ணி எங்கே தங்கும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

நம்ம டிரெய்லருக்கும் அதே கேள்வி பொருந்துகிறது, இன்னும் மோசமாகவே. இங்கே மழைத்தண்ணி மட்டும் இல்லையே. தொழு உரம், யூரியா, பொட்டாஷ் எல்லாம் ஏற்றுகிறோம். நாம் வாங்கும் பொட்டாஷ் பெரும்பாலும் குளோரைடு உப்பு. அது ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாகத் தின்னும். பெட்டியைக் கழுவாமல் விட்டால் தரைத் தகட்டின் நாலு மூலையிலும், தகடும் கீழே ஓடும் குறுக்குச் சட்டமும் ஒட்டும் இடத்திலும் அந்த உப்பு உட்கார்ந்துகொள்ளும். மேலே நின்று பார்த்தால் தெரியாது. கீழே படுத்துத்தான் பார்க்கணும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டங்'கென்று பேசும், அரித்த இடம் 'தொப்'பென்று சொல்லும். ஓட்டையைப் பட்டி போட்டு அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் பிடிப்பு இருக்காது.

ஆனால் தரைத் தகடு போனால் பணம்தான் போகும். ஆளைக் கொல்லக்கூடிய இடம் முன்பக்கம் இருக்கிறது. மாட்டுவண்டிக்கு ஏர்க்கால் மாதிரி, டிராக்டரோடு சேரும் முக்கோணச் சட்டம். ரெண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பங்கு இந்தச் சட்டம் வழியாக டிராக்டர் கொக்கி மேல்தான் உட்காருகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது வளைந்து நிமிர்கிறது. வெல்டிங் முடிகிற முனையில் அழுத்தம் குவிவதால் விரிசல் பெரும்பாலும் அங்கே, சட்டம் பெட்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில்தான் ஆரம்பிக்கும். மயிரிழை மாதிரி இருக்கும். பெயிண்டுக்கு மேலேயே துருக்கோடு ஒன்று கசிந்திருந்தால் சந்தேகப்படுங்கள், சுரண்டிப் பாருங்கள். அந்த இடத்தில் மேலே ஒரு பட்டைத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தால், "ஏண்ணா, இது எப்ப ஒடைஞ்சது?" என்று நேராகவே கேட்டுவிடலாம். கொக்கி மாட்டும் வளையத்தையும் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் ஊசி உள்ளே ஆடும். ஆட ஆட இன்னும் தேயும்.

அடுத்தது எனக்கே பிடித்துப்போன சோதனை. ஒரு நீளக் கயிறு போதும். அந்த வளையத்தின் நடுவிலிருந்து அச்சின் இடது முனைக்கு ஒரு அளவு, வலது முனைக்கு ஒரு அளவு. ரெண்டும் ஒன்றாக இருக்கணும். இல்லையென்றால் அச்சு கோணலாக உட்கார்ந்திருக்கிறது, வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும், டயர் ஒருபக்கமாகத் தேயும். அதேபோல் பெட்டியின் எதிர் மூலைகளைக் குறுக்கே அளந்தால் ரெண்டும் சமமா என்பது தெரியும். சமமில்லாவிட்டால் அடிச்சட்டம் ஒருபக்கம் இழுத்திருக்கிறது, அநேகமாக ஒரு தடவை கவிழ்ந்த வண்டி.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் லூஸா என்பது கைக்குத் தெரியும். சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தால் கரகர சத்தமும் கேட்கும். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தையும் படியுங்கள். 3218 என்றால் 2018ஆம் வருஷத்தின் 32ஆவது வாரம் செய்த டயர். ரீட்ரெட் போட்டதில் மேலே புது ரப்பர், உள்ளே பழைய உடம்பு. இந்த எண் பழைய உடம்பின் வயசைச் சொல்லிவிடும்.

டிப்பர் வகையாக இருந்தால் பாரத்தோடு பாதி தூக்கி நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். இறங்கியிருந்தால் ஹைட்ராலிக் சீல் கசிகிறது. தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டவே கூடாது.

பிரேக்? பெரும்பாலான டிரெய்லர்களில் கிடையாது. நாலைந்து டன் கரும்போ மரவள்ளியோ பின்னாலிருந்து தள்ள, முன்னால் டிராக்டர் மட்டும் தனியாக நிறுத்தப் பார்க்கிறது. சமதரையில் சமாளிக்கலாம். இறக்கத்தில் பெட்டி டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். தொப்பூர் கணவாயைத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன இறக்கமானாலும் மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குவது ஒன்றுதான் வழி. பின்விளக்கும் பிரதிபலிப்பானும் இல்லாத பெட்டி ராத்திரி ரோட்டில் நிற்பது அதைவிட ஆபத்து. அதற்குச் செலவும் ரொம்பக் குறைவு.

கடைசியாகக் காகிதம். "டிரெய்லருக்கு எதுக்குங்க ஆர்.சி.?" என்று சிரிப்பார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறையிலேயே மோட்டார் வாகனம் என்பதில் டிரெய்லரும் அடங்கும். சேஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். கடன் இருந்திருந்தால் படிவம் 35 வேண்டும். இன்சூரன்ஸில் டிராக்டரோடு டிரெய்லரும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். அறுவடை முடிந்து கூலியாட்கள் அந்தப் பெட்டியில்தான் ஏறி வீட்டுக்கு வருகிறார்கள். ஏற்றவே கூடாது என்பது வேறு விஷயம். ஏதாவது நடந்துவிட்டால் நஷ்டஈடு சித்தப்பா தலையில் விடியும்.

இவ்வளவையும் போனில் சொன்னேன். "கயிறு, சுத்தியல், காந்தம், பென்சில்... என்னப்பா, மந்திரவாதி சாமான் மாதிரி இருக்குது" என்றார்.

முதலில் பார்த்தது கிளிப்பச்சை நிறம், நேற்று அடித்த பெயிண்ட். தரகர் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா அடியில் படுத்துவிட்டாராம். முக்கோணச் சட்டத்தின் இடது மூலையில் துருக்கோடு. சுரண்டினால் நகம் உள்ளே போகும் அளவு பிளவு. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரெண்டாவது, பெயிண்டே உரிந்து கிடந்த ஒன்று. கயிறு அளவு சரியாக வந்தது, ஆர்.சி.யும் இருந்தது. ஒரு பேரிங்கும் ரெண்டு டயரும் மாற்றணும், அந்தச் செலவைக் கழித்து விலை பேசியிருக்கிறார். நேற்று கூப்பிட்டுக் கேட்டார்: "பெயிண்டு என்ன கலர் அடிக்கலாம்?"