தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் மென்பொருள்

பெரிய செய்தித் தளம் எதுவும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுவதில்லை. பல சர்வர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தேர்தல் முடிவு வரும் நாளில் கூட்டம் குவிந்தால் அவை திணறும். எது படுத்துவிட்டது என்று ஆள் வைத்துத் தேடுவதுதான் நெடுநாள் வழக்கம்.

இந்தப் பராமரிப்புச் சுமை மனிதர் கையை மீறிப் போகிறது என்று 2001-ல் ஐபிஎம் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் பால் ஹார்ன் எச்சரித்தார். நாம் நினைக்காமலே இதயத் துடிப்பைச் சீராக்கும் நரம்பு மண்டலம்போல, கம்ப்யூட்டர்களும் தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார். அதே ஆண்டில், ஓஎம்ஜி என்ற தரநிர்ணய அமைப்பு வேறொரு யோசனையை முன்வைத்தது: முதலில் மாதிரியை வரையுங்கள், நிரலை அதிலிருந்து உருவாக்குங்கள்.

இரண்டும் சேரும் இடம்தான் சுவையானது. எந்தெந்தப் பாகங்கள், எது எதோடு பேசும், எந்த எல்லையை மீறக் கூடாது என்பதைச் சொல்வது மாதிரி. வழக்கமாக, நிரல் தயாரானதும் மாதிரி அலமாரிக்குப் போய்விடும். அதை ஓடும் மென்பொருளோடேயே வைத்திருந்தால்?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கார்லன் குழு உருவாக்கிய 'ரெயின்போ' அதைத்தான் செய்தது. சோதனைக்காக ஒரு செய்தித் தளத்தை அமைத்தார்கள். பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று கண்காணிப்பு நிரல்கள் அளந்து மாதிரியில் பதிவுசெய்கின்றன. எல்லை மீறினால் இரண்டு வழிகள்: கூடுதல் சர்வரை இறக்கலாம், ஆனால் செலவாகும்; படங்களை விட்டு எழுத்தை மட்டும் அனுப்பலாம், ஆனால் தரம் குறையும். வேகம், தரம், செலவு மூன்றில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று மனிதர்கள் முன்பே சொல்லிவைத்திருப்பார்கள். அதை வைத்து ரெயின்போ எடைபோட்டு, ஒன்றைச் செய்துவிட்டு, பலன் தெரிகிறதா என்று மறுபடி அளக்கிறது.

பழுது நீக்கும் விதிகளை ஆயிரக்கணக்கான நிரல் வரிகளுக்குள் ஒளித்துவைக்காமல் மாதிரியின் மேல் எழுதுவதே இதன் பெரிய பலம் என்பேன். ஏன் இந்த முடிவு என்று கேட்டால் காட்ட முடியும். ஆபத்தும் அங்கேதான்: மாதிரி ஒன்றைச் சொல்ல, நிஜ நிலைமை வேறாக இருந்தால், மென்பொருள் நம்பிக்கையோடு தவறான பழுதுபார்ப்பில் இறங்கிவிடும்.

கூகுள் 2014-ல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் என்ற மென்பொருள் இந்த எண்ணத்துக்கு நெருங்கிய உறவு. 'இந்த நிரலின் மூன்று பிரதிகள் ஓட வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். தேர்வுக்காக யுஎம்எல் என்ற குறியீட்டில் மென்பொருள் மாதிரிகளை வரையும் மாணவர்களே, குபர்நெட்டிஸை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவி, ஒரு பிரதியை நீங்களே அழித்துப் பாருங்கள். யாரும் சொல்லாமலே அதனிடத்தில் இன்னொன்று ஓடத் தொடங்கும்.