கண்ணை மூடினால் தெரியும் வலி

கல்லாவில் பத்து மணி நேரம் உட்காருகிறோம், வலி தெரிவதில்லை. ஊரப்பாக்கத்தில் விடியற்காலை தியானத்திற்கு அரை மணி உட்கார்ந்தால் இடுப்பும் முழங்காலும் முறையிடுகின்றன. வலி பெரும்பாலும் பழையதுதான். வியாபாரக் கவனத்தில் அமுங்கிக் கிடந்தது. இருப்பு எடுத்தால்தானே குறைவு தெரியும்?

பர்மாவில் வியாபாரம் செய்த எஸ்.என். கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலிக்காகவே 1955-இல் விபாசனா தியானம் கற்கப் போனார். 1969 முதல் இந்தியாவில் கற்பித்தார். நமக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் அம்முறை மையம் இருக்கிறது. வலியை விரட்டாமல் கவனிப்பதே அங்கே பயிற்சி.

கால் மரத்தால் அசைத்துக்கொள்ளலாம். மூட்டில் குத்தினால் சம்மணத்தை விட்டு நாற்காலியில் உட்காருங்கள். நெஞ்சை அழுத்தி இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும் வலியல்ல. நம்மவர்கள் அதை ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருப்பார்கள். கல்லாச் சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.